பிஎஸ் வீட்டாவும் அதன் கேம்களும்: இனி பணம் போடலாமா?

மழைக்காலன் (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் பெரியப்பா மகன், பெட்டிகளைப் பிரித்து ஒழுங்குபடுத்தும்போது அடியில் கிடந்த, சோனியின் கையடக்கக் கேம் கருவியான தம் பிஎஸ் வீட்டாவை எடுத்து, "இதை இனி நான் தொடப்போவதில்லை, நீயே வைத்துக்கொள் தம்பி" என்று என் கையில் கொடுத்துவிட்டார். ஓஎல்இடி திரை கொண்ட முதல் மாடல் அது. கூடவே 16 ஜிபி மெமரி கார்டு ஒன்றும், 'அன்சார்ட்டட்: கோல்டன் அபிஸ்', 'கிராவிட்டி ரஷ்' உள்ளிட்ட நான்கு கேம் கார்டுகளும் வந்தன. நான் கைப்பேசியில் மட்டுமே விளையாடிப் பழகியவன்; எங்கள் வீட்டில் கன்சோல் எதுவும் இருந்ததில்லை. இத்தனை ஆண்டுப் பழைய ஒரு கருவியின் திரையும், இருபுறமும் உள்ள அந்தச் சிறிய அனலாக் ஸ்டிக்குகளும் எனக்கு இவ்வளவு பிடித்துப்போகும் என்று நான் நினைக்கவே இல்லை. மூன்று வாரங்களாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் கை தானாக அதைத் தேடுகிறது.

இப்போது இன்னும் சில கேம்கள் வாங்க ஆசையாக இருக்கிறது. இணையத்தில் தேடிப் பார்த்தால், செத்த கருவிக்குச் செலவு செய்யாதே என்று ஒருவர் எழுதுகிறார். இதைப் போல் இன்னொன்று வரவே வராது, கிடைப்பதையெல்லாம் வாங்கி அடுக்கு என்று மற்றொருவர் எழுதுகிறார். இவ்வளவு நன்றாகச் செய்யப்பட்ட ஒரு கருவி ஏன் தோற்றது என்பதும், இதன் ஆன்லைன் கடையை மூடிவிட்டால் இதற்கென்றே எழுதப்பட்ட கேம்களுக்கு என்ன கதி என்பதும் எனக்கு விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாகவே சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

பழங்கருவியன்

வணக்கம் மழைக்காலன். வீட்டா ஏன் விழுந்தது என்று தெரிந்துகொண்டால், அதன் கேம்களுக்கு என்ன ஆகும் என்ற உங்கள் மற்றொரு கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2011 ஜூனில் நடந்த இ3 வீடியோ கேம் கண்காட்சியில் வைஃபை மாடலின் விலை 249 டாலர் என்று சோனி அறிவித்தபோது அரங்கில் கைதட்டல் எழுந்தது. காரணம் எளிது. அதே ஆண்டு வெளிவந்திருந்த போட்டிக் கைக்கருவியான நிண்டெண்டோ 3டிஎஸ் ஏறக்குறைய அதே விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. திறனிலோ வீட்டா எங்கேயோ இருந்தது. நான்கு கோர் கொண்ட செயலி, ஐந்து அங்குல ஓஎல்இடி திரை, இரண்டு அனலாக் ஸ்டிக்குகள், முன்னால் தொடுதிரை, பின்னால் ஒரு தொடுபலகை என்று அன்றைக்குக் கையில் பிடிக்கக்கூடிய எந்தக் கேம் கருவியிலும் ஒருசேர இல்லாத வசதிகள் அதில் இருந்தன. ஆனால் 3டிஎஸ் எதிர்பார்த்தபடி விற்காததால், ஆகஸ்ட் மாதத்திலேயே நிண்டெண்டோ அதன் விலையை 169.99 டாலராகக் குறைத்துவிட்டது. முழு விலை கொடுத்து முன்பே வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த இருபது பழைய கேம்களை இலவசமாகவும் கொடுத்தது. வீட்டா 2011 டிசம்பர் 17 அன்று ஜப்பானில் கடைக்கு வந்தபோது, ஜூனில் வாங்கிய கைதட்டல் பழங்கதையாகியிருந்தது.

விலையைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு. வீட்டாவின் முன்னோடியான பிஎஸ்பி, ஜப்பானில் வீட்டுக்கு வீடு நுழைந்ததற்குப் பெருங்காரணம் கேப்காம் நிறுவனத்தின் 'மான்ஸ்டர் ஹண்டர்' வரிசைதான். நான்கு பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கம்பியில்லா இணைப்பில் சேர்ந்து வேட்டையாடும் அந்தப் பழக்கத்துக்காகவே பிஎஸ்பி வாங்கியவர்கள் ஏராளம். அந்த வரிசை 3டிஎஸ் பக்கம் போய்விட்டது. வீட்டா வெளிவருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 10 அன்று, 3டிஎஸ்ஸுக்கான மான்ஸ்டர் ஹண்டர் கடைகளுக்கு வந்தது. அதன் அடுத்த பெரிய பாகமும் அதே கருவிக்குத்தான் என்று செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் எதிர்வீட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்துகொண்டதைப் போல் ஆயிற்று.

மூன்றாவது, மெமரி கார்டு. உங்களிடம் இருக்கும் அந்த 16 ஜிபி கார்டைச் சற்று மரியாதையோடு பாருங்கள். பிஎஸ்பியில் திருட்டு நகல்கள் பெருகியதைக் கண்டு பயந்த சோனி, வீட்டாவுக்கென்றே தனி வகைக் கார்டு ஒன்றை வடிவமைத்தது; வீட்டா குடும்பத்துக்கு வெளியே வேறு எந்தக் கருவியிலும் அது பொருந்தாது. தொடக்கத்தில் அமெரிக்காவில் 32 ஜிபி கார்டின் விலை 99.99 டாலர், அதாவது கருவியின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கு. உங்கள் கார்டு 59.99 டாலர். முதல் மாடலில் நமக்கென்று உள் சேமிப்பிடம் இல்லாததால், பல கேம்களில் ஆட்டத்தைச் சேமிக்கக்கூட அந்தக் கார்டு வேண்டியிருந்தது. கடையில் கருவியின் விலையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர், பில் போடும் இடத்தில்தான் உண்மை விலையைத் தெரிந்துகொண்டார். 2013இல் கருவியின் விலையைக் குறைத்தார்கள், கார்டுகளின் விலையையும் சற்றுக் குறைத்தார்கள், இலேசான இரண்டாம் மாடலைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் மற்ற நிறுவனங்களின் ஆர்வம் குன்றிவிட்டது. 2011இல் மேடையேறி அறிவிக்கப்பட்ட 'பயோஷாக்' வரவே இல்லை. 2012 நவம்பரில் வந்த 'கால் ஆஃப் டியூட்டி' விமர்சகர்களிடம் வாங்கிய அடி சொல்லி மாளாது.

அதன்பின் சோனியே கைவிடத் தொடங்கியது. வீட்டாவின் விற்பனை எண்ணிக்கையைத் தனியாகச் சொல்வதை நிறுத்தி, பிஎஸ்பியோடு சேர்த்தே சொல்லத் தொடங்கினார்கள். ஆகவே இன்றுவரை நமக்குக் கிடைப்பவை வெளியார் மதிப்பீடுகள் மட்டுமே; அவை ஒரு கோடிக்கும் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் இடையில் நிற்கின்றன. 2015இல், சொந்த ஸ்டுடியோக்களில் வீட்டாவுக்காக எதுவும் உருவாகவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள். 2019 மார்ச்சில் ஜப்பானில் உற்பத்தி நின்றது. அவ்வளவுதான்.

என் முடிவு இது: வீட்டாவைத் தோற்கடித்தது அதன் வன்பொருள் அன்று, அதைச் சுற்றி எடுக்கப்பட்ட வணிக முடிவுகளே.

நெய்தல்

பழங்கருவியன் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இறுதி வரியை மட்டும் அப்படியே விட்டுவிட மனமில்லை. வணிக முடிவுகள் மட்டுமே காரணம் என்றால், நல்ல முடிவுகள் எடுத்தவர் தப்பியிருக்க வேண்டும் அல்லவா? நிண்டெண்டோ சரியான நேரத்தில் விலையைக் குறைத்தது, மரியோவையும் மான்ஸ்டர் ஹண்டரையும் கொண்டுவந்தது, பிறகு போக்கேமானையும் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் 3டிஎஸ் தன் வாழ்நாளில் விற்றது சுமார் 7.59 கோடிதான். அதற்கு முந்தைய டிஎஸ் 15.4 கோடி விற்றிருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவருக்கே சந்தை பாதியாகிவிட்டது என்றால், அந்தப் பாதியைத் தின்றது எது? கைப்பேசிதான். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடங்களுக்காகக் கருவி வாங்கியவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. 2015 செப்டம்பரில் சோனியின் ஷூஹேய் யோஷிதா அவர்கள், அடுத்த வீட்டா வருமா என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதிலும் இதையே சுட்டியது: கைப்பேசி கேம்களின் ஆதிக்கத்தில் கையடக்கக் கருவிக்கான சூழல் நலமாக இல்லை என்பதுதான் அவர் கூற்றின் சாரம்.

இதில் வீட்டாவுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் கேமின் தரத்தைக் கையில் தருவோம் என்பதுதான் அதன் வாக்குறுதி. அந்தத் தரத்தில் ஒரு கேமைச் செய்ய வீட்டுக் கன்சோலுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு ஆகும். வாங்குவதற்கோ சிறு கூட்டம்தான் இருந்தது. 3டிஎஸ்ஸின் சிறு திரைக்குக் குறைந்த செலவில் எழுதிவிடலாம், வாங்கப் பெருங்கூட்டமும் இருந்தது. ஒரு நிறுவனத்தின் கணக்காளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

2013இல் சோனியின் வீட்டுக் கன்சோலான பிஎஸ்4 வந்ததும் சோனி வீட்டாவை விற்ற விதத்தையும் கவனியுங்கள். "உங்கள் பிஎஸ்4 கேமை வைஃபை வழியாகக் கையில் வைத்து ஆடலாம்" என்பதே முதல் விளம்பரமாகிவிட்டது. தனிக் குடித்தனம் நடத்த வந்த மகனை மறுபடி அப்பாவின் கடையில் உட்காரவைத்தார்கள். 2023இல் வந்த, பிஎஸ்5 கேமை வைஃபை வழியாகக் கையில் ஆடவைக்கும் பிளேஸ்டேஷன் போர்ட்டலைப் பார்த்தபோது எனக்கு இந்த நினைவுதான் வந்தது. கைக்கருவி என்றால் வீட்டுக் கன்சோலின் நீட்சி என்ற அந்த எண்ணமே போர்ட்டலாக வடிவெடுத்திருக்கிறது.

பழங்கருவியன்

நெய்தல் அவர்களே, டிஎஸ், 3டிஎஸ் ஒப்பீட்டுக்கு என்னிடம் மறுப்பில்லை. என் இறுதி வரியைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். சந்தை பாதியாகியதற்குக் கைப்பேசி காரணம்; மிச்சமிருந்த பாதியிலும் இடம் பிடிக்க முடியாமல் போனதற்குச் சோனி காரணம். 2017இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் வந்து, பிறகு ஸ்டீம் டெக்கும் வந்து, பெரிய கேம்களைக் கையில் வைத்து ஆட ஆசைப்படுபவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்று காட்டிவிட்டபின், வீட்டாவின் அடிப்படை எண்ணம் தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

சிற்றிலக்கு

நண்பர் மழைக்காலன் கேட்டதில் முக்கியமானது கேம்களின் கதி. அதற்கு இன்னும் யாரும் வரவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

கருவி போனாலும் சில கேம்கள் வேறு வீட்டில் குடியேறிவிட்டன. வீட்டாவின் மணிமுடி என்று பலரும் கொண்டாடிய 'பெர்சோனா 4 கோல்டன்' 2020 ஜூனில் கணினிக்கு வந்தது. 2023 ஜனவரியில் ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. உங்களிடம் உள்ள 'கிராவிட்டி ரஷ்' பிஎஸ்4இல் மெருகேற்றிய பதிப்பாக உண்டு. 'வைப்அவுட் 2048' 2017இல் பிஎஸ்4 தொகுப்பு ஒன்றுக்குள் சேர்க்கப்பட்டது. யாரும் எதிர்பாராத வகையில் 'ஃப்ரீடம் வார்ஸ்' 2025 ஜனவரியில் பண்டாய் நாம்கோ வெளியீடாக மறுபிறப்பு எடுத்தது. சுயாதீனப் படைப்பாளிகளின் 'ஸ்பெலங்கி', 'ஹாட்லைன் மயாமி', 'குவாக்காமெலி' போன்றவை எங்கும் கிடைக்கின்றன. அவற்றுக்காக வீட்டாவில் பணம் போட வேண்டியதில்லை. நான் அவற்றை வீட்டாவில்தான் விரும்பி ஆடினேன் என்பது வேறு விஷயம்.

அப்படி வேறு கருவிக்குக் குடிபெயராதவைதான் என் கவலை. உங்கள் கையில் இருக்கும் 'கோல்டன் அபிஸ்' அவற்றில் முதன்மையானது. பெண்ட் ஸ்டுடியோ செய்த அந்த அன்சார்ட்டட், பிஎஸ்4இல் வந்த தொகுப்பில் சேர்க்கப்படவில்லை, கணினிக்கும் வரவில்லை. அதில் ஓர் இடத்தில் பழைய காகிதம் ஒன்றில் மறைந்திருக்கும் எழுத்தைப் படிக்க, கருவியை உண்மையிலேயே ஒரு விளக்குக்கு நேராகப் பிடிக்க வேண்டியிருக்கும். பின்பக்கக் கேமரா வெளிச்சத்தை உணர்ந்தால்தான் எழுத்து தெரியும். கரியைத் தேய்த்துப் படியெடுப்பதும், கண்டெடுத்த பொருளின் அழுக்கைத் துடைப்பதும் விரலால். இவற்றையெல்லாம் சாதாரணக் கண்ட்ரோலருக்கு மாற்றுவது என்றால், அந்தப் பகுதிகளை மறுபடி வடிவமைக்க வேண்டும். 'டியர்அவே'யில் அது நடந்தது. வீட்டாவில் பின்பலகையில் விரலை அழுத்தினால், காகித உலகத்தைக் கிழித்துக்கொண்டு உங்கள் விரல் உள்ளே நுழையும். முன்கேமராவில் பிடித்த உங்கள் முகம் அங்குள்ள சூரியனுக்குள் சிரிக்கும். பிஎஸ்4க்குக் கொண்டுபோனபோது மீடியா மாலிக்யூல் கேமின் பெரும்பகுதியைப் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது. அது நல்ல கேம்தான், ஆனால் வீட்டாவில் இருந்த அந்தக் கேம் அன்று.

வன்பொருளைவிடப் பெரிய தடை, எழுதியவர்கள் இல்லாமல் போனது. வீட்டாவுக்கு 'யூனிட் 13' என்ற சுடும் கேமைச் செய்த ஜிப்பர் இன்டராக்டிவ், அந்தக் கேம் வெளிவந்த 2012 மார்ச்சிலேயே மூடப்பட்டது. வைப்அவுட்டைச் செய்த லிவர்பூல் ஸ்டுடியோ அதே ஆண்டு ஆகஸ்டில் மூடப்பட்டது. 'கில்சோன்: மெர்செனரி' செய்த கெரில்லா கேம்பிரிட்ஜ் 2017 ஜனவரியில் போனது. 'கிராவிட்டி ரஷ்' பிறந்த ஜப்பான் ஸ்டுடியோவை 2021இல் கலைத்து மாற்றியமைத்தார்கள். ஒரு பழைய கேமை இன்னொரு கருவிக்குக் கொண்டுபோக, மூலநிரலை அறிந்த ஒருவர், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவர், எங்காவது சம்பளம் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டாவைப் பொறுத்தவரை அந்த ஆட்கள் சிதறிவிட்டார்கள்.

இணையத்தைச் சார்ந்த பகுதிகளுக்கு இந்த விவாதமே தேவையில்லை, அவை போய்விட்டன. 'மெர்செனரி'யின் பலர் சேர்ந்தாடும் பகுதிதான் கைக்கருவியில் நான் ஆடிய சுடும் கேம்களிலேயே சிறந்தது. 2022 ஆகஸ்ட் 12 அன்று அதன் சர்வரை அணைத்தார்கள். கார்டு இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. தனியாள் கதை ஓடுகிறது. அந்தப் பகுதியைத் தொட்டால் இணைப்பில்லை என்கிறது. கடைசி வாரத்தில் எட்டுப் பேர் சேர்வதற்கு நெடுநேரம் காத்திருந்தோம். சேர்ந்தபின் யாரும் யாரையும் சுடாமல் வரைபடத்தைச் சுற்றி வந்தோம் என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன், அவ்வளவே.

கேளிர்

நான் நேராக நடைமுறைக்கு வருகிறேன்.

கடை இன்னும் மூடப்படவில்லை. 2021 மார்ச்சில், பிஎஸ்3, பிஎஸ்பி கடைகளை ஜூலை 2 அன்றும், வீட்டா கடையை ஆகஸ்ட் 27 அன்றும் மூடுவதாகச் சோனி அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததும், ஏப்ரல் 19 அன்று அன்றைய தலைவர் ஜிம் ரயன், தவறான முடிவு எடுத்துவிட்டோம் என்று எழுதி, பிஎஸ்3, வீட்டா இரண்டுக்கும் உயிர்ப்பிச்சை கொடுத்தார். பிஎஸ்பியின் கடை மட்டும் சொன்னபடி மூடியது. இதில் ஒரு விசித்திரம் உண்டு: டிஜிட்டலாக விற்கப்படும் பிஎஸ்பி கேம்களையும் பழைய பிஎஸ்1 கேம்களையும் வீட்டாவில் வாங்கி ஆடலாம் என்பதால், தன் சொந்தக் கடையை இழந்த பிஎஸ்பியின் கேம்களுக்கு இப்போது வீட்டாவின் கடை ஒரு புகலிடம். இந்த உயிர்ப்பிச்சைக்குக் காலவரை எதுவும் சொல்லப்படவில்லை. ஒருமுறை தேதி குறித்தவர்கள் மறுமுறை குறிக்க மாட்டார்கள் என்று நம்பி நான் எதையும் தள்ளிப்போடுவதில்லை.

வாங்கும் முறை சற்றுச் சுற்றுவழி. 2021 அக்டோபரிலிருந்து வீட்டா கடையில் கிரெடிட் கார்டும் பேபாலும் செல்லாது. கணினியிலோ கைப்பேசியிலோ உங்கள் கணக்கைத் திறந்து வாலட்டில் பணம் ஏற்றிக்கொண்டு, பிறகு கருவியில் உள்ள கடைக்குள் போய் வாங்க வேண்டும். வீட்டா கேம்களை இணையதளக் கடையிலிருந்து 2020லேயே எடுத்துவிட்டார்கள் என்பதால் அங்கே தேடி ஏமாற வேண்டாம்.

இப்போது உங்களுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. வீட்டாவில் ஒரு நேரத்தில் ஒரு கணக்குத்தான் இருக்க முடியும். மெமரி கார்டும் அந்தக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். உங்கள் அண்ணனின் கணக்கை நீக்கி உங்களுடையதைப் போட்டால், கார்டை அழித்துப் புதிதாக்கச் சொல்லும். அவர் சிங்கப்பூரில் இருந்தபோது டிஜிட்டலாக வாங்கிய கேம்கள் இருந்தால், அவை அவருடைய கணக்கில்தான் இருக்கின்றன. ஆகவே கருவியில் எதையும் அழிப்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள். கேம் கார்டுகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, ஜப்பான் கார்டும் உங்கள் கருவியில் ஓடும். ஆனால் கூடுதல் உள்ளடக்கம் கணக்கு எந்த நாட்டுக்கு உரியதோ அதற்கேற்பவே பொருந்தும்.

மெமரி கார்டு வாங்குவதாக இருந்தால் மிகுந்த கவனம் தேவை. ஆன்லைன் விற்பனையாளர் ஒருவரிடம் 32 ஜிபி என்று எழுதியிருந்த கார்டை நான் வாங்கினேன். ஏறக்குறைய 7 ஜிபி நிரம்பியதும் கேம்கள் ஒவ்வொன்றாகக் கெட்டன, பணமும் திரும்பவில்லை. உங்களிடம் உள்ள அசல் 16 ஜிபி போதும். ஆடி முடித்ததை அழிக்க மனமில்லையென்றால், யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினிக்கு நகலெடுத்து வைக்கச் சோனியே ஒரு மென்பொருள் கொடுத்திருக்கிறது. அந்த நகல் உங்கள் கணக்கில்தான் திறக்கும் என்றாலும், நகல் நகல்தான்.

மழைக்காலன்

எல்லோருக்கும் நன்றி. கேளிர் அவர்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. முதல் நாளே, அண்ணனின் கணக்கைப் பயன்படுத்துவது முறையல்ல என்று நினைத்து, கருவியையும் கார்டையும் சுத்தமாக அழித்து என் பெயரில் புதுக் கணக்கு போட்டுவிட்டேன். உடனே அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். டிஜிட்டலாக ஏழெட்டுக் கேம்கள் வாங்கியிருந்தாராம், அவற்றில் 'பெர்சோனா 4 கோல்டன்' ஒன்று. "போனால் போகட்டும் விடு" என்கிறார், எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரை உடைத்து, சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டையே வீட்டாவில் பயன்படுத்தலாம் என்று ஓர் இடத்தில் படித்தேன். அது உண்மையா, செய்யத்தக்கதா?

கேளிர்

பதற வேண்டாம். போனது சேமித்த ஆட்டங்கள் மட்டும்தான். வாங்கிய உரிமை போகவில்லை. அவர் தம் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் மீட்டெடுத்துக்கொண்டால், அந்தக் கணக்கிலேயே கருவியை மறுபடி அமைத்து, கடையின் பதிவிறக்கப் பட்டியலிலிருந்து அத்தனையையும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். உங்கள் புதுக் கணக்கில் இதுவரை எதுவும் வாங்கவில்லை என்றால், என் யோசனை அதுதான். அண்ணன் தம்பிக்குள் இதில் முறைகேடு ஒன்றும் இல்லை, அவர் சம்மதித்தால் சரி. கடை திறந்திருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

சிற்றிலக்கு

மைக்ரோ எஸ்டி பற்றி: உண்மைதான். 2016 ஜூலையில் 'ஹென்காக்கு' என்ற வழி வெளியானதிலிருந்து வீட்டாவின் பூட்டு திறந்துவிட்டது. 2018இல் இன்னொரு வழியும் வந்தது. கேம் கார்டு போகும் துளையில் ஒரு சிறு அடாப்டரைச் செருகி, அதற்குள் மைக்ரோ எஸ்டியை வைக்கிறார்கள். அப்படி வைத்தால் உங்களிடம் உள்ள நான்கு கார்டுகளையும் அடாப்டரை எடுத்துவிட்டுத்தான் போட முடியும் என்பதை நினைவில் வையுங்கள். சோனி இதற்கு அனுமதி தரவில்லை. பாதியில் கோளாறானால் பொறுப்பு உங்களுடையது. அடுத்தவர் உழைப்பைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ள இதைப் பயன்படுத்துவோரும் உண்டு, அதற்கு இங்கே யாரும் வழி சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. இந்தக் கருவியை இன்றும் உயிரோடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஆர்வலர்கள்தான். பழைய கணினிக் கேம்களை வீட்டாவில் ஓடும்படி மாற்றி எழுதுகிறார்கள். வீட்டாவைப் போலவே நடித்து அதன் கேம்களை வேறு கருவியில் ஓட்டும் 'வீட்டா3கே' என்ற எமுலேட்டர் 2018இலிருந்து வளர்ந்துவருகிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் பல வீட்டா கேம்கள் அதில் ஓடுகின்றன. இன்னும் சில தடுமாறுகின்றன. வீட்டாவை ஓரங்கட்டியதாக நெய்தல் அவர்கள் சொன்ன அதே கைப்பேசியில்தான் நாளை 'மெர்செனரி'யின் கதைப்பகுதி பிழைத்திருக்கும் என்று தோன்றுகிறது. கருவியை உடைக்காமல் ஆடுவதற்கே இப்போதைக்கு உங்களிடம் நிறைய இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓராண்டு பொறுத்துப் பிறகு யோசிப்பேன்.

பழங்கருவியன்

எதை வாங்குவது என்று யாரும் சொல்லவில்லையே. வேறு கருவிக்குக் குடிபெயராத கேம்களை முதலில் வாங்குங்கள், குடிபெயர்ந்தவற்றை எப்போது வேண்டுமானாலும் வேறு கருவியில் ஆடிக்கொள்ளலாம். அந்த வகையில் வீட்டா வடிவ 'டியர்அவே', 'கில்சோன்: மெர்செனரி', 'சோல் சாக்ரிஃபைஸ்' ஆகிய மூன்றையும் கார்டாகவே தேடுங்கள். கார்டில் கேம் இருந்தாலும், அதன் பிழைதிருத்தங்கள் சர்வரிலிருந்துதான் வரும் என்பதால், வாங்கிய அன்றே ஒருமுறை இணையத்தில் இணைத்துப் புதுப்பித்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு, இன்னொரு சார்ஜ் கேபிள் வாங்கிவையுங்கள். இரண்டாம் மாடலுக்குச் சாதாரண மைக்ரோ யுஎஸ்பி போதும். உங்களுடைய முதல் மாடலுக்குச் சோனி தனியாகச் செய்த அகலமான இணைப்பி வேண்டும், தெருமுனைக் கைப்பேசிக் கடையில் அது கிடைக்காது. என் கேபிள் அறுந்து நான்கு மாதம் கருவி சும்மா கிடந்தது.